ஓய்வுக்கு எந்த நாடு? இந்தியப் பாஸ்போர்ட்டோடு கிளம்பும் தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஓய்வு பெற்றபின் வெளிநாட்டில் போய் இருக்கலாம் என்று பேச்செடுத்தால், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குப் பட்டியல் பெரும்பாலும் தாய்லாந்து, மலேசியா, மொரீஷியஸ், துபாய் என்ற நாலில் வந்து நிற்கும். ஏஜென்டுகள் எல்லாரும் "விசா எப்படி வாங்குவது" என்பதை வைத்தே வியாபாரம் செய்கிறார்கள். விசா வாங்குவதுதான் இதில் சுலபமான வேலை. எழுபத்தைந்து வயதில் புதுப்பிக்கும்போதும், ஐசியுவில் படுக்க நேர்ந்தாலும், இருவரில் ஒருவர் காலமானபின்னும் அந்த நாடு உங்களை எப்படி நடத்தும் என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

இது 50 வயது தாண்டிய, தமிழ்நாட்டிலோ வளைகுடாவிலோ இருக்கிற தம்பதிக்காக எழுதியது. பிள்ளைகள் குடியுரிமை வாங்கிப் பெற்றோரைக் கூப்பிட்டுக்கொள்வது வேறு கதை. இங்கே சொல்லியிருக்கும் தொகைகள் திடீரென்று மாறக்கூடியவை. பணம் அனுப்பும் வாரத்தில் அந்தந்த நாட்டுக் குடிவரவுத் துறையின் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

1. பணத்தை இரண்டு பத்தியாக எழுதுங்கள்

ஒரு பக்கம் மாதாமாதம் வருவது: ஓய்வூதியம், வாடகை, வட்டி. மறுபக்கம் மொத்தமாகக் கையில் இருப்பது. சில நாடுகள் மாத வருமானத்தைப் பார்க்கும், சில டெபாசிட்டைப் பார்க்கும். நம் ஊர் ஓய்வூதியம் ரூபாயில் வருவதால் முதல் வழியில் பெரும்பாலோர் தேறுவதில்லை. தாய்லாந்து கேட்கும் மாதம் 65,000 பாட் என்பது ஒன்றே முக்கால் லட்சம் ரூபாயை ஒட்டியது.

செலவுக் கணக்கை இன்றைய மாற்று விகிதத்தில் போட்டு நிம்மதி அடையாதீர்கள். 2014ல் ஒரு பாட் இரண்டு ரூபாய்க்கும் கீழே இருந்தது. இப்போது இரண்டரை ரூபாயைத் தாண்டிவிட்டது. ரூபாயில் சம்பாதித்து வேறு நாணயத்தில் செலவழிப்பவருக்கு, அங்கே விலைவாசி ஏறாவிட்டாலும் செலவு ஏறும். வருடம் நாலைந்து சதவீதம் கூட்டிப் பதினைந்து வருடத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்போதும் பணம் மிஞ்சினால் மேலே படியுங்கள்.

இன்னொன்று: மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் என்ஆர்ஐ (வெளிநாடுவாழ் இந்தியர்) புதிதாகக் கணக்குத் தொடங்க முடியாது. பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கு ஏற்கெனவே இருந்தால் முதிர்வு வரை ஓடும், நீட்டிக்க முடியாது. வட்டி வருமானத்தை நம்பியிருப்பவர்கள் இதைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

2. நாலு நாடும் கேட்பது என்ன

தாய்லாந்து: வயது 50. தாய்லாந்து வங்கியில் 8 லட்சம் பாட், அல்லது மாதம் 65,000 பாட் வருமானம், அல்லது இரண்டும் சேர்ந்து வருடத்துக்கு 8 லட்சம். தங்கும் அனுமதியை வருடாவருடம் நீட்டிக்க வேண்டும், கட்டணம் 1,900 பாட். நாலில் நுழைவுச் செலவு குறைவானது இதுதான். நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடியில் வீடு வாங்கலாம், ஆனால் அந்தக் கட்டடத்தின் மொத்தப் பரப்பில் வெளிநாட்டவர் பங்கு 49 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

மலேசியா: வெளிநாட்டவர் நீண்ட காலம் தங்குவதற்கான எம்எம்2எச் (மலேசியா மை செகண்ட் ஹோம்) திட்டத்தில் 2024 முதல் மூன்று படிகள். வெள்ளிப் படிக்கு 1,50,000 டாலர் டெபாசிட், 6 லட்சம் ரிங்கிட்டுக்குக் குறையாத வீடு, 5 வருட அனுமதி. தங்கப் படிக்கு 5 லட்சம் டாலர், 10 லட்சம் ரிங்கிட் வீடு, 15 வருடம். பிளாட்டினத்துக்கு 10 லட்சம் டாலர், 20 லட்சம் ரிங்கிட் வீடு, 20 வருடம். உரிமம் பெற்ற ஏஜென்ட் வழியாகத்தான் விண்ணப்பிக்க முடியும். வாங்கிய வீட்டைப் பத்து வருடத்துக்கு விற்க முடியாது, அதைவிட விலை கூடிய வீட்டுக்கு மாறலாம். ஏஜென்டுகள் பலர் சொல்லாமல் விடுவது ஒன்று: வெளிநாட்டவர் வாங்கும் வீட்டுக்கு மாநில அரசுகள் தனியாக ஒரு குறைந்தபட்ச விலை வைத்திருக்கின்றன. சில இடங்களில் அது 6 லட்சத்தைவிட அதிகம். எந்த மாநிலம் என்று முடிவு செய்யாமல் எந்தப் படி என்று முடிவு செய்யாதீர்கள். ஜொகூரில் ஃபாரஸ்ட் சிட்டியை ஒட்டிய சிறப்புப் பொருளாதார மண்டலப் பிரிவில் 50 தாண்டியவர்களுக்கு 32,000 டாலர் டெபாசிட் போதும். ஆனால் வீடு அந்த மண்டலத்துக்குள்ளேயே இருக்க வேண்டும், ஆள் நடமாட்டம் குறைந்த இடம் அது. போய்ப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மொரீஷியஸ்: வயது 50. மாதந்தோறும் டாலரில் ஒரு குறைந்தபட்சத் தொகை அந்நாட்டு வங்கிக்கு வந்துகொண்டிருக்க வேண்டும். தைப்பூசம் அங்கே அரசு விடுமுறை, ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது. ஆனால் பெரிய இதய, மூளை அறுவைச் சிகிச்சை என்றால் அந்த நாட்டவர்களே இந்தியாவுக்கு வருகிறார்கள்.

துபாய்: வயது 55, ஐந்து வருட விசா. 10 லட்சம் திர்ஹம் சொத்து, அல்லது அதே அளவு சேமிப்பு, அல்லது நிர்ணயித்த மாத வருமானம். ஏற்கெனவே அங்கே வீடு வாங்கி வேலை பார்த்துக்கொண்டிருப்பவர் தொடரலாம். ஓய்வு பெற்றபின் புதிதாகப் போய் இறங்க அது விலை கூடிய ஊர்.

3. மூன்று கேள்விகளில் வடிகட்டுங்கள்

முதல் கேள்வி, விதி மாறினால் என்ன ஆகும்? மாறும், சந்தேகமே வேண்டாம். மலேசியா 2020 ஆகஸ்டில் எம்எம்2எச்சை நிறுத்தியது. 2021ல் மாதம் 40,000 ரிங்கிட் வருமானம் வேண்டும் என்று திரும்பக் கொண்டுவந்தது. 2024ல் அதையும் மாற்றியது. தாய்லாந்து 2019ல், நீட்டிப்புக் கிடைத்தபின்னும் 8 லட்சம் பாட் மூன்று மாதம் கணக்கில் இருக்க வேண்டும், அதன் பின்னும் 4 லட்சத்துக்குக் கீழே போகக்கூடாது என்று சேர்த்தது. ஏற்கெனவே வருடக் கணக்காக அங்கே இருந்தவர்களுக்கும் அது பொருந்தியது. எனவே ஊர் வீட்டை விற்று அங்கே போகாதீர்கள். டெபாசிட் தொகைக்கு மேல் அதில் பாதியாவது தனியாக வைத்திருங்கள்.

இரண்டாவது, மருத்துவமனைச் செலவை யார் கொடுப்பது? இந்தியாவில் எடுத்த பாலிசிகள் பெரும்பாலும் இந்தியாவுக்குள்தான் செல்லும். 70 தாண்டியவர்களுக்கான ஆயுஷ்மான் பாரத் அட்டையும், அரசு ஓய்வூதியர் காப்பீடும் அப்படியே. வெளிநாட்டில் புதுப் பாலிசி 65, 70 வயதுக்கு மேல் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் சர்க்கரை, ரத்த அழுத்தம், ஸ்டென்ட் ஆகியவற்றை விலக்கிவிட்டுத் தருவார்கள், அதாவது வரக்கூடிய நோயையெல்லாம் விலக்கிவிட்டு. தாய்லாந்தின் ஓ-ஏ வகை விசா 30 லட்சம் பாட் காப்பீடு கேட்கிறது. அங்கேயே போய் நீட்டிக்கும் ஓ வகைக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்பதால் வயதானவர்கள் அதைத்தான் எடுக்கிறார்கள். கட்டாயம் இல்லை என்பதற்காகச் செலவு வராமல் இருக்காது.

நடைமுறையில் சரிவரும் வழி இது: விபத்து, திடீர் மாரடைப்பு போன்றவற்றுக்கு அங்கேயே சமாளிக்க ஒரு தொகை, தள்ளிப்போடக்கூடிய முழங்கால், கண்புரை, பைபாஸ் வகைக்குச் சென்னையோ மதுரையோ. இதற்கு இந்தியப் பாலிசியை ஒரு வருடம்கூட விடாமல் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டுவிட்டுத் திரும்ப எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு மூன்று வருடம் வரை காத்திருப்பு புதிதாகத் தொடங்கும். பாங்காக், கோலாலம்பூர் இரண்டும் சென்னையிலிருந்து நாலு மணி நேரத்தை ஒட்டிய பயணம் என்பது இந்த இடத்தில்தான் மதிப்புப் பெறுகிறது.

மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. இருவரில் ஒருவர் காலமானால் மற்றவர் அங்கே இருக்க முடியுமா? தாய்லாந்தில் கணவர் பெயரில் ஓய்வு அனுமதி, மனைவி அவரைச் சார்ந்தவர் என்று எடுத்தால் மனைவிக்குத் தனி டெபாசிட் வேண்டாம், செலவு மிச்சம். ஆனால் கணவர் இறந்தால் அந்தச் சார்பு அனுமதிக்கு அடிப்படை போய்விடுகிறது. அவர் பெயரில் மட்டும் இருக்கும் வங்கிக் கணக்கை நீதிமன்ற ஆணை வரும்வரை எடுக்க முடியாது. துக்கத்தோடு ஒரு பெண் வக்கீல் தேடி அலைய வேண்டிய நிலை. மனைவிக்கும் 50 ஆகிவிட்டால் அவர் பெயரில் தனிக் கணக்கு, முடிந்தால் தனி அனுமதி, தாய்லாந்து மொழியில் எழுதிய உயில் இந்த மூன்றையும் முதல் வருடத்திலேயே செய்யுங்கள். மலேசியா என்றால், முதன்மை விண்ணப்பதாரர் இறந்தபின் துணைவர் அந்த இடத்துக்கு வர என்ன நிபந்தனை என்று ஏஜென்டிடம் எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை வேண்டாம்.

4. மோசமான பருவத்தில் போய் இருந்து பாருங்கள்

டிசம்பரில் எல்லா ஊரும் அழகு. வட தாய்லாந்தின் சியாங்மாய் பிடித்திருந்தால் மார்ச்சில் போங்கள், வயல் எரிப்பதாலும் காட்டுத் தீயாலும் மூச்சு முட்டும். பாங்காக்குக்கு செப்டம்பர் மழை, துபாய்க்கு ஜூலை, மொரீஷியசுக்குப் புயல் வரும் ஜனவரி, பிப்ரவரி. ஆஸ்துமா உள்ளவர்கள் சியாங்மாயைப் பட்டியலிலிருந்து இப்போதே அடித்துவிடலாம்.

ஓட்டலில் தங்காமல் மாத வாடகைக்கு வீடு எடுங்கள். பக்கத்து மருத்துவமனையில் ஒரு சாதாரண பரிசோதனைக்குப் போய் பில்லை வாங்கிப் பாருங்கள். நீங்கள் தினமும் போடும் மாத்திரைகளின் மருந்துப் பெயரை எழுதிக்கொண்டு போங்கள், நம் ஊர் பிராண்ட் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. சைவம் சாப்பிடுபவர்களுக்குத் தாய்லாந்தில் மீன் சாஸ் பெரிய தொல்லை. "ஜே" என்று சொல்லிக் கேட்டால் மீன், முட்டை இல்லாமல் தருவார்கள், பூண்டு வெங்காயமும் இருக்காது. பாங்காக் சீலோமில் மாரியம்மன் கோயிலும், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் கறிவேப்பிலையும் உண்டு. மொழி தெரியாத ஊரில் பேச ஆள் இல்லாமல் இருப்பது வீட்டில் யாருக்கு அதிகம் வலிக்கும் என்று யோசித்து, அவர் சொல்வதைக் கேளுங்கள். மலேசியாவில் டெபாசிட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் தமிழில் பேசி வாழ்வதற்கான விலைதான், பலருக்கு அது நியாயமான விலை.

5. காகிதங்கள்: ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்

தமிழர்களின் விண்ணப்பம் தடுக்கி விழும் இடம் இனிஷியல். பாஸ்போர்ட்டில் "முருகன் சண்முகம்", வங்கியில் "எஸ். முருகன்", ஓய்வூதிய ஆணையில் "முருகன் எஸ்". மூவரும் ஒருவரே என்று அயல்நாட்டு அதிகாரிக்குத் தெரியாது. வங்கிக் கணக்கையும் பான் கார்டையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி மாற்றுங்கள். மாற்ற முடியாத பழைய ஆவணங்களுக்கு, இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் எடுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால் அதையும் சரிசெய்துவிடுங்கள். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுகளுக்கு அமீரகம் 2022 நவம்பரில் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது அதிகம் சிக்கியவர்களில் நம் ஊர்க்காரர்களும் உண்டு.

அடுத்தது திருமணச் சான்றிதழ். தமிழ்நாட்டில் திருமணப் பதிவு 2009 சட்டத்துக்குப் பின்தான் கட்டாயம். அதற்கு முன் மண்டபத்தில் கல்யாணம் நடந்தவர்களில் பலரிடம் பத்திரிகையும் ஆல்பமும்தான் இருக்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் இப்போதும் பதியலாம். அழைப்பிதழ், போட்டோ, வயது மற்றும் முகவரிச் சான்று, சாட்சிகள் வேண்டும். இருவர் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே சான்றிதழில் வருகிறதா என்று கையெழுத்துக்கு முன் பாருங்கள்.

காவல்துறை நன்னடத்தைச் சான்று பாஸ்போர்ட் சேவா வழியாக, கட்டணம் 500 ரூபாய். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் எடுத்ததைத்தான் ஏற்பார்கள் என்பதால் இதைக் கடைசியில் எடுங்கள். வளைகுடாவில் இருப்பவர்கள் அந்த நாட்டுச் சான்றையும் விசா ரத்தாகுமுன் அங்கேயே வாங்கிவிடுங்கள். ஊர் திரும்பியபின் வாங்குவது பெரும்பாடு.

இந்திய ஆவணங்களுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அபோஸ்தில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று பிற நாடுகள் ஏற்கும் சான்று) வேண்டும். அபோஸ்தில் ஏற்காத நாட்டுக்கு, அமைச்சகச் சான்றொப்பத்துக்குப் பின் அந்த நாட்டுத் தூதரக முத்திரையும் வேண்டும். எது வேண்டும் என்று தெரிந்துகொண்டு அனுப்புங்கள், தவறான முத்திரையோடு வந்தால் மறுபடி முதலிலிருந்துதான். அரசுக் கட்டணம் ஒரு ஆவணத்துக்கு ஐம்பது ரூபாய், மீதி எல்லாம் ஏஜென்சி கூலி. இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

6. பணம் அனுப்புவது: நாட்காட்டியைப் பார்த்து

இந்தியாவில் வசிப்பவர் எல்ஆர்எஸ் (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் திட்டம்) முறையில் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். மலேசியா வெள்ளிப் படியில் டெபாசிட்டும் வீடும் சேர்ந்தால் அதைத் தாண்டிவிடும். இரண்டு நிதியாண்டில் பிரிக்கத் திட்டமிட்டுக்கொண்டு விண்ணப்பியுங்கள், அனுமதி வந்தபின் விழிக்காதீர்கள்.

10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் டிசிஎஸ் (முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடிக்கும். 8 லட்சம் பாட்டுக்கு 22 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரே ஆண்டில் அனுப்பும்போது 12 லட்சத்துக்கு 2.40 லட்சம் பிடிபடும். வருமான வரிக் கணக்கில் இது திரும்பக் கிடைக்கும், ஆனால் மாதக்கணக்கில் முடங்கும். மார்ச் 31க்கு முன் 10 லட்சம், ஏப்ரலில் மீதி என்று பிரித்தால் பிடித்தம் வெகுவாகக் குறையும்.

என்ஆர்ஐ ஆக இருப்பவர்களுக்கு வேறு வழி. என்ஆர்இ கணக்கில் (வெளிநாட்டு வருமானத்தைப் போட்டுவைக்கும் கணக்கு) இருப்பது தடையின்றிப் போகும். என்ஆர்ஓ கணக்கிலிருந்து (இந்திய வருமானத்துக்கான கணக்கு) ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை, பட்டயக் கணக்கரின் சான்றிதழோடு.

தாய்லாந்துக்கு இன்னொரு நாட்கணக்கு. 90 நாள் ஓ விசாவில் போனால் கடைசி 30 நாளில் நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும், அந்த நாளில் பணம் இரண்டு மாதமாகக் கணக்கில் இருந்திருக்க வேண்டும். ஆக இறங்கிய முதல் முப்பது நாளுக்குள் கணக்குத் திறந்து பணம் வந்து சேர வேண்டும். சுற்றுலா முத்திரையோடு போனால் பல கிளைகள் கணக்குத் திறக்க மறுக்கும். ஒரு கிளை மறுத்தால் அதே வங்கியின் அடுத்த கிளையில் கேளுங்கள், பலன் இருக்கும். பணம் வெளிநாட்டிலிருந்து வந்ததற்கான வங்கிச் சான்றைப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் வீடு வாங்க அது தேவை.

7. வரி

தாய்லாந்தில் ஒரு வருடத்தில் 180 நாள் இருந்தால் வரிக் குடியிருப்பாளர். 2024 ஜனவரி 1 முதல், வெளிநாட்டில் ஈட்டி உள்ளே கொண்டுவரும் வருமானத்துக்கு வரி உண்டு. அதற்கு முந்தைய சேமிப்புக்கு இல்லை. எனவே 2023 டிசம்பர் 31 தேதியில் உங்கள் கணக்கில் எவ்வளவு இருந்தது என்று காட்டும் ஸ்டேட்மென்டை இன்றே வங்கியில் வாங்கி வையுங்கள். மலேசியாவில் தனிநபர் வெளிநாட்டு வருமானத்துக்கு 2036 முடிவு வரை விலக்கு உண்டு. அரசு ஓய்வூதியத்துக்கு இந்தியாவிலேயே வரி என்பது இரட்டை வரி ஒப்பந்தங்களின் பொதுவான வழக்கம்.

இந்தப் பக்கம்: வருடத்தில் 182 நாள் இந்தியாவில் இருந்தால் நீங்கள் இந்திய வரிக் குடியிருப்பாளர். இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினால் 120 நாளே பிரச்சினை ஆகலாம். அதே 15 லட்சத்தைத் தாண்டிவிட்டு, துபாய் போல வரியே இல்லாத நாட்டில் இருப்பவரையும் குடியிருப்பாளராகக் கருத 2020 முதல் விதி இருக்கிறது. முழுக் குடியிருப்பாளராக இருக்கும் வருடத்தில் வெளிநாட்டுக் கணக்கை வரிப் படிவத்தில் காட்டியே ஆக வேண்டும். விட்டால் 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம்.

8. ஊரில் விட்டுப்போகும் வேலைகள்

நம்பிக்கையான ஒருவருக்குப் பொது அதிகாரப் பத்திரம் கொடுப்பதானால் கிளம்புமுன் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியுங்கள். வெளிநாட்டில் போய் எழுதினால் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பி, இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். விற்கும் அதிகாரத்தைச் சேர்க்காதீர்கள், வாடகை வசூல், வரி, மின்கட்டணம் போதும்.

சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ ஆக மாற்றுங்கள். நீங்கள் என்ஆர்ஐ ஆனபின், உங்கள் வீட்டில் வாடகைக்கு இருப்பவர் வாடகையில் 31.2 சதவீதம் வரியாகப் பிடித்துக் கட்ட வேண்டும். அவருக்கு இது தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஓய்வூதியர்கள் வருடாந்திர வாழ்நாள் சான்றை ஜீவன் பிரமாண் செயலியிலோ அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ கொடுக்கலாம். முகம் காட்டும் செயலியை இங்கே இருக்கும்போதே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஓடிபி வரும் இந்திய சிம்மை ரோமிங்கில் உயிரோடு வையுங்கள். அந்த எண் செத்தால் வங்கி, ஆதார், வரி எல்லாம் சேர்ந்து நிற்கும்.

9. இறங்கிய முதல் மாதம்

இது பெரும்பாலும் தாய்லாந்துக்காரர்களுக்கு. நீங்கள் குடிவந்ததை வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் டிஎம்30 படிவத்தில் தெரிவிக்க வேண்டும். அதன் ரசீதைக் கேட்டு வாங்குங்கள், நீட்டிப்பின்போது கேட்பார்கள். 90 நாளுக்கு ஒருமுறை முகவரியைத் தெரிவிக்க வேண்டும். உரிய தேதிக்கு 15 நாள் முன்னிருந்து 7 நாள் பின் வரை அவகாசம், தவறினால் 2,000 பாட் அபராதம். ஊரில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினாலும் முதலில் மறுநுழைவு அனுமதி எடுங்கள். ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800. அது இல்லாமல் விமானம் ஏறினால் வருட அனுமதி அந்த நொடியே ரத்து, திரும்பிவந்து விசாவிலிருந்து தொடங்க வேண்டும். விமான நிலையத்திலும் எடுக்கலாம் என்றாலும் வரிசையை நம்பி இருக்காதீர்கள்.

எந்த நாடானாலும் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்யுங்கள். பாஸ்போர்ட் நகல், விசா நகல், உயில் இருக்கும் இடம், ஊரில் தகவல் சொல்ல வேண்டியவர் எண் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுப் பக்கத்து வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். உடலை ஊருக்கு அனுப்ப இறப்புச் சான்று, தூதரகத் தடையின்மைச் சான்று, எம்பாமிங் சான்று, ரத்து செய்த பாஸ்போர்ட் ஆகியவை வேண்டும், செலவும் அதிகம். அங்கேயே தகனம் செய்து அஸ்தியைக் கொண்டுவருவது இதைவிடச் சுலபம். எது வேண்டும் என்பதை நீங்களே எழுதிக் கையெழுத்திட்டு அதே கவரில் வைத்துவிடுங்கள்.